நான் விரட்டிய பூநாரைகள்

பறவை பார்க்கப் போகலாம் என்று மகள் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. புரட்டாசி பிறந்தால் பறவை முகத்தில் விழித்து, பறவையோடு மல்லுக்கட்டி, பறவையைத் திட்டிக்கொண்டே படுக்கிறவள் நான். இவை எப்போது தொலையும் என்று ஏங்குகிறவளை, எப்போது வரும் என்று காத்திருந்து பார்க்கக் கூப்பிடுகிறாள்.

"நான் பாக்காத குருவியாடீ?" என்றேன்.

"அது வேற, இது வேறம்மா. கடல் பக்கம் ஒரு பெரிய ஏரி கீது. பூநாரை வந்து எறங்கும். பாத்துட்டு, அப்டியே கடற்கரையில உக்காந்துட்டு வர்லாம். நீ ரெண்டு நாள் சும்மா இருக்கணும். அதுக்குத்தான் சொல்றேன்."

சும்மா இருக்க வேண்டும் என்ற சொல்லுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். எனக்கு அப்போது உடம்பில் களைப்பு என்று தனியாக ஒன்று இல்லை. உடம்பே களைப்பாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து குதிகாலைத் தரையில் வைத்தால் உயிர் போகும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் கால் என் காலாகும்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். எனக்கு அங்கன்வாடியில் வேலை. என் வீட்டுக்காரருக்கு ஜீப். மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறவர். இது போக அவருடைய அப்பா வழியில் வந்த ஒரு கொல்லை இருக்கிறது. வருஷா வருஷம் அதில் சாமை விதைத்தாக வேண்டும். விதைக்காமல் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பார். ஆனியில் மழை விழுந்ததும் சவாரிக்கு நடுவில் ஓடிவந்து உழுது விதைத்துவிடுவார். பிறகு அறுப்புக்குத்தான் அவருக்குக் கொல்லை ஞாபகம் வரும். நடுவில் கதிர் பால் பிடிக்கிற நாட்கள் என்று சில உண்டு. அவை அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அந்த நாட்கள்தான் என்னுடையவை. கதிரில் பால் கட்டும்போது சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து ஒரே வீச்சில் இறங்கும். கைப்பிடிகூட இருக்காது ஒவ்வொன்றும். ஆனால் ஒரு கூட்டம் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் பதர்தான் மிஞ்சும். அதற்காகக் கொல்லை நடுவில் பரண் கட்டி, அதன்மேல் ஏறி நின்று, எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்த வேண்டும். குருவிக்குப் பசி அதிகம் எடுப்பது விடியலிலும் சாயங்காலத்திலும். அதனால் பொழுது விடியும் முன்னே பரண், பிறகு அங்கன்வாடி, அங்கே பிள்ளைகளின் கூச்சல், மறுபடி பொழுது சாயும்வரை பரண். மாமியார் இருந்தவரை விடியல் எனக்கு, சாயங்காலம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவர் போன பிறகு இரண்டு வேளையும் என் தலையில் விழுந்தது. கூலிக்குக் காவல் இருக்க ஊரில் ஆள் கிடையாது. இளவட்டம் எல்லாம் திருப்பூர், கேரளா என்று போய்விட்டது.

தினைப்புனம் காத்தவளைத் தேடி சாமியே வந்தாராம். சாமைக் கொல்லை காத்த என்னைத் தேடிக் குதிகால் வலிதான் வந்தது.

சூழ்ச்சி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பழைய கேசட் நாடாவைக் கட்டினேன். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் அதன்மேலேயே ஊஞ்சல் ஆடின. அவருடைய பழைய காக்கிச் சட்டையை மாட்டி ஒரு பொம்மை நட்டேன். அதன் தோளில் உட்கார்ந்து தின்றன. எனக்குத்தான் அவரிடம் பயமில்லை என்று பார்த்தால் குருவிக்கும் இல்லை. கடைசியில் என் குரல் ஒன்றுக்குத்தான் அவை எழும்பின.

இந்தப் பயணத்தில் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இனி நான் காவலுக்குப் போகமாட்டேன். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். அவர் ஜீப்புக்கு டயர் மாற்றிக்கொண்டிருப்பார், அல்லது யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக அவசரம் என்று வந்து நிற்பார்கள், அல்லது சாப்பிட்ட கையோடு தூங்கிவிட்டிருப்பார். அவரும் பாவம்தான். களைத்த மனுஷனிடம் களைப்பைப் பற்றி எப்படிப் பேசுவது? கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சும்மா இருக்கிற நேரத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். திருப்பத்தூரில் ரயில் ஏறி சென்னையில் மகள் வீட்டில் தங்கி, மறுநாள் இருட்டோடு எழுந்து பொன்னேரிவரை மின்சார ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். பஸ்ஸில் அவர் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கியர மாத்துறான் பாரு, இன்னா மாதிரி மாத்துறான்," என்று வழி முழுக்க முணுமுணுத்தார். நான் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினேன். நெற்றியில் கம்பி பதிந்த தடத்தோடுதான் இறங்கினேன்.

மகளோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு பெண் மூலமாக ஒரு குழுவில் எங்களைச் சேர்த்திருந்தாள். பறவை பார்ப்பதையே ஞாயிற்றுக்கிழமை வேலையாக வைத்திருக்கிறவர்கள். எல்லாரும் மண் நிறத்திலும் இலை நிறத்திலும் உடுத்தியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு அம்மா அவர்களுக்குத் தலைவி. சத்தம் போடக்கூடாது, கையை வீசக்கூடாது, வேகமாக எழுந்திருக்கக்கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னார். என் வாழ்க்கையில் பறவையிடம் நான் செய்த மூன்று காரியங்களும் அவைதான். வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினேன்.

கரையோரம் சேறும் சிப்பியும் மீன் வாடையுமாக இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். ஆனால் நடுவில் ஒருவர் வலையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார், முழங்கால்வரைதான் நனைந்திருந்தது. கடலும் இல்லை ஏரியும் இல்லை, இரண்டும் கலந்த உப்புத் தண்ணீர் என்றாள் மகள். இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது என்பது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மலையில் ஒரு குடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. சும்மா இரு என்று அதட்டி உட்கார வைத்தேன்.

பூநாரைகள் தொலைவில் வெளிர் சிவப்புக் கோடு மாதிரி நின்றன. தொப்பி அம்மா தன் பைனாகுலரைக் கொடுத்தார். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு கோடு கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரிந்தது. குச்சி மாதிரிக் கால். தலையைக் கவிழ்த்துச் சேற்றில் அலகை விட்டு மெதுவாகத் தின்றுகொண்டே நடந்தன. யாரும் அவற்றை விரட்டவில்லை. அவை தின்பதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஒரு பறவை தின்பதை வயிற்றெரிச்சல் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நிம்மதிதான் என்னைக் கவிழ்த்தது. வெயில் இதமாக ஏறியது, காற்று வந்தது. கரைமேட்டில் உட்கார்ந்து, மகள் கட்டிவந்த இட்லி டப்பாவை மடியில் வைத்துத் திறந்தேன். மூடி ஒரு கையில், கரண்டி ஒரு கையில். கண் சொருகியது. பக்கத்தில் ஒருவர் நாங்கள் வந்ததிலிருந்தே சேற்றில் குந்தியபடி கேமராவை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன் என்று நினைக்கிறேன்.

விர்ரென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் சின்னச் சின்னப் பறவைகள் ஒரு கூட்டம், வானத்தில் ஒரு வளைவு வளைந்து, ஒன்றாகச் சாய்ந்து, ஒரே வீச்சில் இறங்குகிறது. உள்ளான் என்று பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அது உள்ளான் இல்லை. அந்த வளைவு எனக்குத் தெரியும். அந்தச் சாய்வு தெரியும். பால் பிடித்த கதிரில் இறங்குகிற கூட்டம் அது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. டப்பா மூடியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் விட்டேன். "ஓஓஓஒய்... ஆஆய்... ஓஓஓஒய்!"

இட்லி சேற்றில் உருண்டது. உள்ளான் கூட்டம் திரும்பிப் பறந்தது. அதோடு போகவில்லை. கொக்கு எழும்பியது, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ எழும்பின, கடைசியில் அந்தச் சிவப்புக் கோடும் தண்ணீரில் நாலு எட்டு ஓடி எழும்பியது. இறக்கைக்கு அடியில் அவ்வளவு சிவப்பு ஒளிந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பார்க்க அப்படி ஒரு அழகு. அதைப் பார்த்து நிற்கிற நிலையில்தான் நான் இல்லை.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சேற்றில் குந்தியிருந்தவர் எழுந்து, கேமராவின் மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொப்பி அம்மாதான் பக்கத்தில் வந்தார்.

"அதுங்க ரொம்ப தூரத்துலேர்ந்து பறந்து வருதுங்கம்மா. ஒரு தரம் எழுப்பிட்டா, தின்னதெல்லாம் பறக்குறதுக்கே போயிடும். பாவம், அதுங்கள ரெஸ்ட் எடுக்க விடணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சரி என்றேன். தூரத்திலிருந்து வந்த உயிருக்கு ஓய்வு வேண்டும் என்பது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். நான் வெட்கத்தில் கூனி நிற்கிறேன், அவர் குழுவைப் பார்த்துப் பெருமையாகச் சொல்கிறார்: "எங்க கொல்லையில இவ ஒரு சத்தம் வுட்டான்னா பக்கத்து மலைக் குருவிகூட நிக்காதுங்க. அப்டி ஒரு தொண்ட." ஒன்றிரண்டு பேர் மரியாதைக்குச் சிரித்தார்கள். கையிலிருந்த கரண்டியை அவர்மேல் எறியலாமா என்று இருந்தது எனக்கு.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோவில் பாலம் தாண்டிக் கடற்கரைக்கு வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணலில் துண்டை விரித்து உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உன்னால சும்மா இருக்க முடியாதாம்மா?"

"முடியலியேடி," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வளர்ந்த மகள் முன்னால், கடலை விற்கிறவர் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். சும்மா இருக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் கொல்லை என் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்துவிட்டது. தூங்கினாலும் அது விழித்திருக்கிறது.

"இன்னாமே, அதுக்குப் போயா அழுவுற? பறவதானே, தோ திரும்பி வந்துடும்," என்றார் அவர்.

"இந்த வருசம் நான் காவலுக்குப் போ மாட்டேங்க," என்றேன்.

கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. "இன்னாது?"

"சாமக் கொல்லைக்கு. என்னால முடியல. ஒடம்பு முடியல, தொண்ட முடியல. சொல்லணும்னு எத்தினி நாளா நெனச்சேன். இப்ப சொல்ட்டேன்."

"அப்ப யாரு போவா?"

"யாராச்சும் போங்க. இல்லாங்காட்டி வெதைக்காதீங்க."

"வெதைக்காம எப்டி வுடுறது?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. கடலைப் பார்த்துக் கேட்டார். கடல் அதுபாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. மகள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குதிகாலை அமுக்கிவிட்டாள். அவளுக்கு என் மேல் கோபம் போயிருந்தது.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. தூக்கம்தான் வந்தது. பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள் எவ்வளவு நேரம் தூங்கினேனோ, விழித்தபோது முகத்தின்மேல் வெயில் படாமல் அவருடைய தோள்துண்டு கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலை ஓரத்தில் தனியாக நின்றிருந்தார். அங்கிருந்து திரும்பி வந்து, "கெளம்பலாமா, பஸ்ஸு போய்டும்," என்றார். நான் சொன்னதற்குப் பதில் வரவில்லை. ஊர் திரும்பிய பிறகும் வரவில்லை.

ஆனியில் மழை விழுந்தது. ஒருநாள் அங்கன்வாடியிலிருந்து வரும்போது பார்க்கிறேன், அவர் கொல்லையில் விதைத்துக்கொண்டிருக்கிறார். கடற்கரையில் பிள்ளை முன்னால் அழுது சொன்னதும் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போய்விட்டதே என்று இருந்தது. சண்டை போடவும் தெம்பில்லை. இரவு சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் படுத்தேன். மகள் போனில், "நீ சொன்னா சொன்னதுதான்ம்மா. போவாத. இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்," என்றாள். அவளுக்கென்ன, சென்னையில் இருந்துகொண்டு சொல்லலாம். காற்றில் அலைகிற கதிரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கப்போகிறவள் நான்தானே.

புரட்டாசி வந்தது. கதிரில் பால் பிடித்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், வெள்ளையாகக் கசிந்தது. பரண் போன வருஷத்து மழையில் ஒரு கால் ஒடிந்து சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். அதை யாரும் நிமிர்த்தப்போவதில்லை என்று நினைத்து, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் விழிப்புத் தட்டியது. போகக்கூடாது என்று கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தேன். கால் போகத் துடித்தது. பக்கத்தில் அவருடைய பாய் காலியாக இருந்தது. முதல் சவாரிக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால் ஜீப் வாசலிலேயே நிற்கிறது, கண்ணாடி எல்லாம் பனி படர்ந்து.

அப்போது கொல்லைப் பக்கமிருந்து டின் தட்டுகிற சத்தம் கேட்டது. தாளமே இல்லாத தட்டு. அதோடு ஒரு குரல்.

எழுந்து போய் வேலி ஓரம் நின்று பார்த்தேன். பரணுக்குப் புதுக் கால் நட்டிருந்தது. மேலே அவர், காக்கிச் சட்டையோடு, காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு. "ஏய்... ஏஏய்... வா... ச்சூ, போ, போ!" என்று கத்துகிறார். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. கூப்பிடத்தான் தெரியும், விரட்டத் தெரியாது. கொல்லையின் கோடியில் சில்லைக் கூட்டம் நிம்மதியாக இறங்கித் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பொம்மைக்குப் பயப்படாத குருவி பொம்மையின் சொந்தக்காரருக்கா பயப்படும்?

எனக்கு நெஞ்சுக்குள் குரல் எழும்பி வந்துவிட்டது. ஒரே ஒரு சத்தம் விட்டால் போதும், மொத்தக் கூட்டமும் மலை தாண்டும். வாயைத் திறந்தேன். சேற்றில் உருண்ட இட்லி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். திரும்பி வந்து படுத்தேன். அவருடைய அந்தக் கேடுகெட்ட கத்தலைக் கேட்டுக்கொண்டே, புரட்டாசி விடியலில், கல்யாணமாகி வந்த பிறகு முதல் முறையாகத் தூங்கினேன்.

கதவுச் சத்தத்தில் கண் விழித்தேன். வெயில் உள்ளே வந்திருந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏதோ சொன்னார், காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னார்.

"இத்தினி வருசம் எப்டிமே கத்துன?"

சுடுதண்ணீர் வைத்துத் தரலாம் என்று சுவரைப் பிடித்து எழுந்தேன்.

"நீ படு," என்று கையைக் காட்டிவிட்டு, அடுப்பு மூட்ட அவரே போனார்.